"சிகரெட்டை விட்டாயிற்று, அது மட்டும்தான் எப்போதாவது"

தும்பறைப் பள்ளத்தாக்கு மக்களுக்குப் புகையிலை புதிய செடியல்ல. இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கும் பழைய தெல்தெனியவைச் சூழ்ந்த மேட்டுக் காணிகளிலும் ஹங்குரன்கெத்தைச் சரிவுகளிலும் அது பல்லாண்டுகள் பணப்பயிராக இருந்தது. அந்நாட்களில் இலை ஒடித்தவர்களுக்கும் அதைக் கம்பில் கோர்த்துச் சூளைக்குள் தொங்கவிட்டவர்களுக்கும் ஒரு விடயம் அனுபவத்தில் தெரியும். மழையிலோ பனியிலோ நனைந்த பச்சை இலையை நாள் முழுவதும் கையாண்டால் மாலையில் தலை சுற்றும், வாந்தி வரும், இரவுச் சாப்பாடு இறங்காது. ஒரு நாளும் வாயில் சுருட்டு வைத்திராத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது வந்தது. இலையில் இருந்த நிக்கொட்டின் ஈரத்தோடு சேர்ந்து தோல் வழியாக உடம்புக்குள் போனதே காரணம். புகைக்காமலேயே நிக்கொட்டின் உடம்பை ஆட்டிப்படைக்கும் என்பதை நமது மூத்தவர்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1985 ஏப்ரலில் விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. வயல் போயிற்று, கடைத்தெரு போயிற்று, பல ஆயிரம் குடும்பங்கள் மேட்டுக்கும் மகாவலிக் குடியேற்றங்களுக்குமாகப் பிரிந்தன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. அன்று மூட்டை கட்டிப் புறப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்றைய இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் புகையிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நிக்கொட்டினை அறிவார்கள். அத்தோடு, மூத்த தலைமுறை வெளிப்படையாகப் பேசக் கூசும் இன்னொன்றையும் அறிவார்கள். அதுதான் கஞ்சா.

குடும்பங்களைச் சந்திக்கப் போகும் இடங்களில் நமக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. 20 வயது, 23 வயதுப் பையன்கள் சொல்வது. "சிகரெட்ட விட்டு மூனு மாசமாச்சு சாமி. அது மட்டுந்தான், எப்பயாச்சும்." தாய்க்கு மகிழ்ச்சி. சிகரெட் நெடி வீட்டில் இல்லை, கடைக்காரரின் கொப்பியில் சிகரெட் கணக்கும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் போனால் பையன் பழையபடி நாளுக்கு எட்டோ பத்தோ பற்றவைக்கிறான். "மனவுறுதி இல்லாத பயல்" என்று தகப்பன் தீர்ப்பளித்துவிடுகிறார். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கஞ்சா புகைக்கும் ஓர் இளைஞன் சிகரெட்டை விட முயலும்போது அவனுடைய உடம்புக்குள்ளும் அன்றாட வாழ்விலும் நடப்பது என்ன?

சுருளுக்குள் இருப்பது என்ன?

முதலில் அந்தச் சுருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நமது நாட்டில் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர்கள் குறைவு. சிகரெட்டில் பாதித் தூளை உதிர்த்துவிட்டு, மீதியோடு கசக்கிய கஞ்சாவைக் கலந்து திரும்ப அடைப்பார்கள். அல்லது பீடியைப் பிரித்து அதன் தூளோடு சேர்த்துச் சுருட்டுவார்கள். சரக்கு விலை கூடியது, ஆகவே புகையிலை சேர்த்தால் இருப்பது கொஞ்சம் நீளும். தவிர, புகையிலை கலந்தால்தான் சுருள் அணையாமல் சீராக எரியும். இது வெறும் பழக்கமே. அமெரிக்காவில் கஞ்சாவில் புகையிலை கலப்பவர்கள் சொற்பம். ஐரோப்பாவிலோ பெரும்பாலோர் கலந்துதான் புகைக்கிறார்கள். இந்த விடயத்தில் நமது பையன்கள் ஐரோப்பாக்காரர்களின் பக்கம்.

இதிலிருந்து தெரிவது என்ன? "சிகரெட்டை விட்டுவிட்டேன், கஞ்சா மட்டும்தான்" என்று சொல்பவன் பெரும்பாலும் நிக்கொட்டினை விடவேயில்லை. வாசல் வழியாக வெளியே அனுப்பியதைக் கொல்லைப்புறத்தால் உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. சுருளில் இருக்கும் புகையிலையைப் புகையிலையாக அவன் எண்ணுவதேயில்லை, அது அவனுக்கு "கலவைச் சாமான்". நாளுக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டால் இல்லை என்பான். நாளுக்கு எத்தனை தடவை புகையிலைத் தூளைக் கையில் எடுக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும்.

பீடியைக் கலப்பவன் நிலைமை இன்னும் மோசம். பீடித்தூளில் நிக்கொட்டின் செறிவு சிகரெட் தூளைவிடக் கூட. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும் என்பதால் இழுப்பும் ஆழமாகிறது.

இரண்டு இரசாயனங்கள், ஒரே மூளை

நிக்கொட்டின் வேலை செய்யும் விதம் எளிமையானது, கொடூரமானதும்கூட. புகையை உள்ளே இழுத்துப் பத்திருபது விநாடிக்குள் அது மூளையை அடைகிறது. அங்கே மகிழ்ச்சி உணர்வோடு தொடர்புடைய டோபமின் சுரக்கிறது. ஆனால் நிக்கொட்டின் உடம்பில் தங்குவதில்லை. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், எதிலும் மனம் ஒன்றாத நிலை ஆகியவை வருகின்றன. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. புகைப்பவன் "டென்ஷன் குறையுது" என்கிறான். உண்மையில் முந்திய சிகரெட் உண்டாக்கிய டென்ஷனைத்தான் இந்தச் சிகரெட் குறைக்கிறது. கடனைக் கடன் வாங்கி அடைக்கும் கதை நமது குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கஞ்சாவின் முக்கிய இரசாயனம் டிஎச்சி. 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானி ரபேல் மெக்கூலமும் அவருடைய சகாக்களும் அதைத் தனியே பிரித்து அதன் அமைப்பை விளக்கினார்கள். இந்தச் செடியின் சத்து மனித மூளையில் ஏன் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு 1992இல் மெக்கூலமின் குழு ஒரு விடையையும் கண்டது. மூளை தானே சுரக்கும் ஒரு பொருளுக்கான பூட்டில்தான் டிஎச்சி கள்ளச்சாவியாக நுழைகிறது. அந்த இயற்கைப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நமது "ஆனந்தம்" என்ற வடசொல்தான். பசி, தூக்கம், ஞாபகம், பயம், ஆறுதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதில் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. டிஎச்சி நிக்கொட்டினைப் போல ஓடி மறைவதில்லை. அது கொழுப்பில் கரைந்து தங்கும். நாள்தோறும் புகைத்தவன் நிறுத்திய பின்னும் பல வாரங்களுக்கு அதன் அடையாளம் சிறுநீரில் தெரியலாம்.

இந்த இரண்டு அமைப்புகளும் மூளைக்குள் ஒன்றுக்கொன்று அயல்வீடு. ஒரு வீட்டில் சத்தம் போட்டால் அடுத்த வீட்டில் தூக்கம் கெடும். இதற்கு ஒரு மருந்தின் கதையே சாட்சி. கஞ்சாவின் பூட்டை அடைத்துவிடும் ரிமொனபான்ட் என்ற மருந்தை ஆராய்ந்தவர்கள், அது சிகரெட்டை விட முயல்வோருக்கும் ஓரளவு கைகொடுக்கிறது என்று கண்டார்கள். கஞ்சாவே தொடாதவர்களிடமும் அப்படித்தான். ஆனால் அது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கியதால், உடல் பருமனுக்காக 2006இல் அனுமதித்திருந்த ஐரோப்பா 2008இல் அதை நிறுத்திவிட்டது. மருந்து போனாலும் பாடம் நின்றது. நிக்கொட்டின் ஆசையும் கஞ்சாவின் பாதையும் ஒரே நரம்பு வலையில் பின்னிக் கிடக்கின்றன.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் 1980களின் தொடக்கத்தில் விசாரிக்கப்பட்ட புகைப்பவர்களைச் சுமார் 13 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். கஞ்சா பாவித்தவர்களில், பாவிக்காதவர்களைவிட அதிகமானோர் இன்னமும் சிகரெட்டை விடாதிருந்தனர். மெல்பேர்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை கொடுத்து நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. அதிலும் கஞ்சா புகைத்தவர்களுக்கு வெற்றி குறைவு. 18 முதல் 25 வயது வரையான புகைப்பவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2018இல் வெளியானது. கஞ்சாவும் பாவித்த இளைஞர்கள் சிகரெட்டை விட்டு நிற்பது கடினமாயிருந்தது என்பதே அதன் முடிவும்.

நமது கவனத்தை அதிகம் ஈர்த்தது 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு. அது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது. (நமது நீர்த்தேக்கத்துக்கும் அந்த மாநிலத்துக்கும் ஒரே அரசியின் பெயர் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.) சிகரெட்டிலிருந்துதான் பையன்கள் கஞ்சாவுக்குப் போகிறார்கள் என்று எல்லோரும் நம்பியிருக்க, இங்கே எதிர்த்திசையில் ஒரு பாதை தெரிந்தது. சிகரெட்டே புகைக்காத இளைஞர்களில் வாராவாரம் கஞ்சா பாவித்தவர்கள், பிற்பாடு சிகரெட்டைத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. அங்கேயும் கஞ்சாவில் புகையிலை கலக்கும் வழக்கம் உண்டு. கலவைச் சாமானாக வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடுகிறான்.

எல்லா ஆய்வுகளும் ஒரே பாட்டைப் பாடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கஞ்சா பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் சிகரெட்டை விடுவதில் வித்தியாசமே காணாத ஆய்வுகளும் உண்டு. மாதம் ஒரு தடவை நண்பர்களோடு இழுப்பவனையும் காலை எழுந்ததும் பற்றவைப்பவனையும் ஒரே கட்டில் கட்டிக் கணக்கெடுத்தால் விடை மங்கலாகத்தான் வரும். புகையிலை கலக்காத அமெரிக்கப் பாவனையையும் கலந்த பாவனையையும் சேர்த்துப் பார்த்தாலும் அப்படியே. நாள்தோறும் பாவிப்பவனுக்கும் கலந்து பாவிப்பவனுக்குமே இடைஞ்சல் அதிகம் என்பது நமது கணிப்பு. நமது ஊர்களில் இந்த இருவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

ஒன்றை மறக்கக்கூடாது. கஞ்சாவே தொடாதவனுக்கும் சிகரெட்டை விடுவது இலேசான காரியமல்ல. எந்த உதவியும் இல்லாமல் ஒரு தடவை முயல்கின்ற 100 பேரில் 3 முதல் 5 பேர்தான் பல மாதங்கள் கடந்தும் விட்டபடியே நிற்கிறார்கள். மற்றவர்கள் திரும்பத் திரும்ப முயன்றே வெல்கிறார்கள். கஞ்சாவும் சேர்ந்தவன் மேட்டில் வண்டி தள்ளுகிறான். அந்த வண்டியில் இரட்டைச் சுமை. அவனை மனவுறுதி இல்லாதவன் என்பது நியாயமா?

முதல் இரு வாரங்கள்

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சிகரெட்டை நிறுத்திய சில மணித்தியாலத்திலேயே நிக்கொட்டின் ஏக்கம் ஆரம்பமாகும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பின் மெல்ல இறங்கி மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். எரிந்து விழுவான், ஒரு வேலையில் நிலைக்க மாட்டான், நன்றாகச் சாப்பிடுவான். கஞ்சாவை நிறுத்தினால் ஏக்கம் சற்றுத் தாமதித்து வரும். ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். இரண்டு வாரத்தில் பெரும்பகுதி தணியும், ஆனால் தூக்கக் கோளாறு இன்னும் நீளலாம். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு நீண்டகாலம் இருந்தது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் இந்த நிலையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நள்ளிரவில் வியர்த்து எழுவான், பயங்கரமான கனவுகள் வரும், சோற்றைப் பார்த்தாலே முகம் சுளிப்பான்.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிச்சலும் பதற்றமும் தூக்கமின்மையும் இரண்டுக்கும் பொது. கஞ்சாவை மட்டும் நிறுத்துபவன் அந்தத் தூக்கமில்லாத இரவில் சிகரெட்டைக் கூட்டுகிறான். இப்படிக் கூடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சிகரெட்டை மட்டும் நிறுத்துபவன் "தலை வெடிக்குது, ஒரு இழுப்பு இழுத்தால் தூக்கம் வரும்" என்று சுருளைத் தேடுகிறான். சுருளில் புகையிலை இருக்கிறது. நிக்கொட்டின் மறுபடி மூளையைத் தொட்டு, அடங்கிக்கொண்டிருந்த ஆசையை உசுப்பிவிடுகிறது. மறுநாள் கடையில் ஒரு சிகரெட் வாங்குகிறான். எந்த இழுப்பில் வழுக்கினான் என்று அவனுக்கே தெரியாது.

உடம்புக்கு வெளியேயும் வலை உண்டு. விரல்களுக்கிடையில் பிடிப்பதும், நெருப்பு மூட்டுவதும், ஆழ இழுப்பதும் இரண்டுக்கும் ஒன்றே. கஞ்சாப் புகையை நெஞ்சில் நீண்டநேரம் பிடித்துவைக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கஞ்சாச் சுருள், ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால், இரத்தத்தில் கார்பன் மொனொக்சைட்டைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டுகிறது என்றும், சுமார் மூன்று மடங்கு தாரை உள்ளே அனுப்புகிறது என்றும் 1988இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. "இது மூலிகைதானே" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். எரியும் இலை எதுவானாலும் நுரையீரலுக்கு அது புகையே.

மூலிகை என்றதும் இன்னொன்று. மதன மோதகம் என்ற பெயரில் விற்கப்படும் உருண்டைகளில் கஞ்சா கலந்திருப்பது நாட்டின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. தின்பதில் நிக்கொட்டின் இல்லை என்பது உண்மை. ஆனால் தின்ற கஞ்சா மெதுவாக ஏறும், நெடுநேரம் நிற்கும், அளவும் பிடிபடாது. சிகரெட்டை விடுவதற்கான மருந்து என்று யாராவது அதைக் கொடுத்தால் வாங்கவேண்டாம்.

ஏன் நமது பையன்கள்?

காணி போன குடும்பத்துப் பையன் வீட்டில் தங்குவதில்லை. தகப்பனுக்குக் கிடைத்த சிறு துண்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் வேலி போடும் இடம்தான் மிஞ்சும். ஆகவே 18 வயதில் கொழும்புக் கட்டட வேலைக்கோ கண்டி நகரக் கடைக்கோ போகிறான். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். பகலெல்லாம் கொங்கிறீட் சுமந்த உடம்பு, இரவில் தெரியாத ஊர். அங்கே சுருள் கைமாறும்போது அதில் போதையைவிடப் பெரிய ஒன்றும் கைமாறுகிறது. "நீ நம்மாள்" என்ற அழைப்பு அது. கடலால் வரும் கேரள கஞ்சாவோ மொனராகலைப் பக்கத்துச் சரக்கோ, பையனுக்கு அதன் ஊர் முக்கியமில்லை. நீட்டும் கைதான் முக்கியம். பாரம்பரிய ஊரில் இந்த அழைப்பை வயலும் திருவிழாவும் உறவுக்காரரும் கொடுத்தார்கள். அவை தண்ணீருக்குள் போனபின் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்பினோம் என்று குடியேற்றத் திட்டம் போட்டவர்களையும் கேட்க வேண்டும். பையனை மட்டும் கூண்டில் ஏற்றுவது போதாது.

சட்டமும் இங்கே வருகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது குற்றம், குற்றம் விற்பவருடையது. கஞ்சாவோ 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபினி, அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருகிறது. ஆயுர்வேதத்துக்கான ஒழுங்குபடுத்தப்பட்ட பாவனையைத் தவிர, கையில் வைத்திருப்பதே குற்றம். இதனால் பையன் சிகரெட்டைப் பற்றி வைத்தியரிடம் வாய்திறந்தாலும் கஞ்சாவை மறைத்துவிடுகிறான். வைத்தியர் பாதிச் சங்கதியை வைத்துக்கொண்டு முழு நோய்க்கு மருந்து எழுதுகிறார். தாய்தகப்பனோ, "வெளியே தெரிந்தால் தங்கச்சிக்குக் கலியாணம் நடக்காது" என்று மூடிவைக்கிறார்கள். இந்த மௌனந்தான் சிகிச்சைக்குப் பெரிய எதிரி.

எப்படி அணுகுவது?

முதலில் கேள்வியை மாற்ற வேண்டும். "குடிக்கிறியா, இல்லையா?" என்ற பொலிஸ் கேள்வியால் உண்மை வராது. அவன் அமைதியாக இருக்கும் வேளையில், தனியே, "எதை எதோடு கலந்து, எந்த நேரத்தில், யாரோடு?" என்று கேளுங்கள். சில வீடுகளில் தகப்பனைவிட மாமனோ மூத்த அக்காவோ கேட்டால் வேலை நடக்கும். கேட்டபின் கத்தக்கூடாது. கத்தினால் அதுவே கடைசிப் பதிலாகிவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் விடுவதா, ஒவ்வொன்றாக விடுவதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விதி ஏதும் இல்லை. புகையிலை கலந்து புகைப்பவனுக்கு இரண்டையும் சேர்த்து விடுவதே தெளிவான வழி என்று நாம் கருதுகிறோம். ஏனென்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாதபடி இரண்டும் ஒரே சுருளில் இருக்கின்றன. அதற்குத் துணிவில்லை என்றால் குறைந்தபட்சம் கலப்பை நிறுத்தச் சொல்லலாம் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். வெறும் கஞ்சா புகைப்பதும் குற்றமே, கேடே என்பதால் அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஒவ்வொன்றாகத்தான் முடியும் என்று அவனே சொன்னால், முதலாவதை விட்ட இரு வாரத்துக்கு இரண்டாவது கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை ஒரு கொப்பியில் அவனே எழுதட்டும்.

நாளைத் தெரிவுசெய்வதில் விவசாயிக்குரிய நிதானம் வேண்டும். மழை பார்த்து விதைப்பதுபோல, அவன் கொழும்பு அறையிலிருந்து லீவில் வீட்டுக்கு வரும் பத்து நாளைப் பயன்படுத்தலாம். முதல் மூன்று நாளையும் வெறுமையாக விடாதீர்கள். வேலி கட்டுதல், கிணறு இறைத்தல், மரக்கறிப் பாத்திக்கு மண் ஏற்றுதல் போல உடம்பைக் களைக்க வைக்கும் வேலை இரவில் தூக்கத்தைத் தரும். ஆசை எழும்போது அது சில நிமிடங்களில் தணியும் என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தைக் கடக்க ஒரு குவளை தண்ணீரோ, கிராம்போ, ஒரு நடையோ போதும். வெற்றிலையைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. புகையிலை வைத்த வெற்றிலை என்றால் அது மீண்டும் அதே நிக்கொட்டின்தான். வீட்டில் பாட்டி பொயிலை போடுகிறவர் என்றால் பெட்டியைப் பையன் கண்ணில் படாமல் வைக்கும்படி அவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விடயத்தில் பாட்டிமார் தகப்பன்மாரைவிடச் சீக்கிரம் இணங்கிவருவதைக் கண்டிருக்கிறோம்.

வைத்திய உதவியைத் தேட வெட்கப்பட வேண்டாம். நிக்கொட்டின் மாற்றுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2009இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வரெனிக்ளின், புப்ரோபியன் ஆகிய மாத்திரைகளை 2021இல் சேர்த்தது. இவை வைத்தியரின் ஆலோசனையோடு பாவிக்கவேண்டியவை. கஞ்சாவை விடுவதற்கென்று இன்னும் நிரூபணமான மாத்திரை கிடையாது. அங்கே பேச்சுவழி ஆலோசனையே மருந்து. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் புகையை விட விரும்புவோருக்கு ஆலோசனை கிடைக்கும். 1984இல் உருவான தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை போதைப்பொருள் பாவனையாளருக்கான ஆலோசனைச் சேவைகளை நடத்துகிறது. தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்கோ கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கோ போகும்போது, சிகரெட், கஞ்சா என்ற இரண்டு பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள் உண்டு. மலைநாட்டு வீடுகளில் நாளுக்கு ஆறேழு தடவை பிளேன்டீ குடிப்பது வழக்கம். புகைப்பவனின் உடம்பு தேநீரிலுள்ள கபீனை வேகமாக வெளியேற்றும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஆறு கோப்பைத் தேநீர் இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், பையனோ அதைப் புகை ஏக்கம் என்று எண்ணிக்கொள்வான். ஆகவே விட்ட முதல் வாரத்தில் தேநீரைப் பாதியாக்குங்கள், மாலைக்குப் பின் கொடுக்கவேண்டாம்.

இரண்டாவது, மனநல கிளினிக்கில் குளோசபின் அல்லது ஒலான்சபின் குளிசை எடுப்பவர்களைப் பற்றியது. புகை இந்த மருந்துகளையும் உடம்பிலிருந்து வேகமாக அகற்றுகிறது. திடீரென்று புகையை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, மயக்கமும் அதிக தூக்கமும் வரலாம், குளோசபின் என்றால் ஆபத்தும் உண்டு. குளிசையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. புகையை விடப்போகும் நாளை முன்கூட்டியே கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிட்டால், அளவை அவர் மாற்றிக் கொடுப்பார்.